நுவரெலியாக் குளிரைத் திட்டாதீர்கள், பற்றரி கொழும்பிலேயே செத்துவிட்டது

டிசம்பர் விடுமுறையிலும் ஏப்ரல் சீசனிலும் கொழும்புக் கராஜ்களுக்கு விடியற்காலையில் வரும் அழைப்பு ஒரே மாதிரித்தான் இருக்கும். "இரவு நுவரெலியாவில நிப்பாட்டினது. காலையில ஸ்டார்ட் வருகுதில்லை. குளிருக்குப் பெற்றோல் உறைஞ்சிட்டுதோ?" கடைசியாக இழுவை லொறியில் வந்து இறங்கிய காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்திருந்தது. யாரோ கொதிநீர் ஊற்றியதில் பற்றரியின் மூடி வெடித்திருந்தது. ஜம்பர் கேபிளை மாற்றிக் கொழுவியதில் பிரதான ஃபியூஸும் போயிருந்தது. இத்தனைக்கும் அந்தக் காரில் முதலில் இருந்த பிழை தவணை முடிந்த ஒரு பற்றரி மட்டுமே. மிச்சம் எல்லாம் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் பதற்றத்தில் செய்து வைத்தவை.

முதலில் இந்த "உறைதல்" கதையை விடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும், சில நாட்களில் புல்லில் உறைபனியும் விழும். பெற்றோல் உறைவதற்கு அது போதாது. பூச்சியத்துக்குக் கீழே 40 பாகைக்கும் அப்பால் போனாலும் பெற்றோல் திரவமாகவே இருக்கும். முழுதாகச் சார்ஜ் ஏறிய பற்றரியின் அமிலம் பூச்சியத்துக்குக் கீழே 50 பாகையிலும் உறையாது. முழுதாக இறங்கிய பற்றரிகூட உறைய வேண்டுமென்றால் பூச்சியத்துக்குக் கீழே பல பாகை போகவேண்டும். எனவே எஞ்சின்மேல் போர்வை போர்த்துவது, பற்றரிக்குச் சுடுநீர் ஊற்றுவது, பெற்றோல் தாங்கியில் எதையாவது கலப்பது எல்லாம் இல்லாத நோய்க்கு மருந்து. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் அனுப்பும் வீடியோ அங்கே சரி. அவருடைய ஊரில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வருகிறது, எஞ்சினுக்கு மின்சூடாக்கி பூட்டுகிறார்கள். நமக்கு அது எதுவும் தேவையில்லை.

குளிர் செய்வது இரண்டே வேலை. பற்றரியின் இரசாயனத் தாக்கத்தை மந்தமாக்கும், எஞ்சின் ஒயிலைத் தடிப்பாக்கும். அதாவது கொடுப்பவர் குறைத்துக் கொடுக்கிறார், கேட்பவர் கூட்டிக் கேட்கிறார். பூச்சியப் பாகையில் நல்ல பற்றரியும் தன் வலுவில் மூன்றில் ஒரு பங்களவை இழக்கும். எட்டுப் பத்துப் பாகையில் இழப்பு அதைவிடக் குறைவு. பற்றரியின் மேல் எழுதியிருக்கும் குளிர்த்தொடக்க ஆம்பியர் (CCA) அளவு, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் 30 வினாடி சோதித்துக் கொடுக்கப்படுவது. அந்தச் சோதனையில் தேறிய பொருளுக்கு நுவரெலியா ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் ஏன் அங்கே போய் நிற்கிறது? ஏனென்றால் அது இங்கேயே பாதி செத்துவிட்டது. கொழும்பில் வருடம் முழுக்க 30 பாகைக்குக் கிட்டிய வெப்பம், பொனட்டுக்குள் அதைவிட மிகக் கூடிய சூடு. ஈய அமிலப் பற்றரிக்கு ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை கூடுதல் சூட்டுக்கும் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. நீர் வற்றும், உள்ளே தகட்டுச் சட்டம் அரிக்கும். இதற்கு மேல் நம்முடைய ஓட்டம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை வரை காலி வீதியில் ஊர்ந்து, ஏசி, ஹெட்லைற், வைப்பர், போன் சார்ஜர் எல்லாம் போட்டபடி முக்கால் மணித்தியாலம். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் அல்டர்னேற்றர் முழு ஆம்பியர் தராது. பற்றரி அரைகுறைச் சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்து தகடுகளில் சல்பேற் படிகிறது. கொழும்புச் சூட்டில் இந்த அரை உயிர்ப் பற்றரியும் எஞ்சினைச் சுற்றிவிடும், உங்களுக்கு எதுவும் தெரியாது. மலையில்தான் பிடிபடுகிறது.

கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். தயவுசெய்து. ஒருமுறை திருப்பி, காதைக் கொடுங்கள்.

"டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால், அல்லது எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றினால், பற்றரியில் வலு இல்லை அல்லது முனைகளில் தொடர்பு இல்லை. ஹெட்லைற்றைப் போட்டுவிட்டுத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் மங்கி விழுந்தால் இதே முடிவுதான். வெளிச்சம் அப்படியே இருக்க, ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டால் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சந்தேகியுங்கள். சத்தமே இல்லையென்றால், ஓட்டோ கியர் காரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூற்றலில் போட்டு ஒருமுறை முயலுங்கள். கியர் சுவிற்ச் பிழையென்றால் அதில் ஸ்டார்ட் ஆகும். டாஷ்போர்டில் சாவிக்குறி சிமிட்டினால் இம்மொபிலைசர் என்ற திருட்டுத் தடுப்புக் கருவி சாவியை அடையாளம் காணவில்லை. பட்டன் ஸ்டார்ட் என்றால் ரிமோட்டையே பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்துங்கள், அதன் சின்னப் பற்றரி இறங்கியிருக்கலாம்.

எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் பற்றவில்லையென்றால் பற்றரியைக் குற்றம் சொல்லாதீர்கள். சாவியை ஒன் நிலைக்குக் கொண்டுவந்ததும் பின்பக்கத்தில் இரண்டு வினாடி பெற்றோல் பம்ப் முனகும் சத்தம் வரவேண்டும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்று வரிசையாகப் பாருங்கள். பெற்றோல் மணம் பலமாக வந்தால் பிளக் நனைந்துவிட்டது. ஆக்சிலரேற்றரை முழுதாக மிதித்தபடி ஐந்து வினாடி சுற்றினால் பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் பெற்றோல் தடைபட்டு உள்ளே காயும். காலையில் மட்டும் இந்தத் தொல்லை, சூடானபின் எதுவும் இல்லையென்றால் கூலன்ற் வெப்ப உணரியை அளக்கச் சொல்லுங்கள். பல ஜப்பான் கார்களில் அது 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் காட்டவேண்டும். பொய்யான அளவு காட்டினால், எஞ்சின் சூடாக இருக்கிறதென்று நம்பிக் கணினி பெற்றோலைக் குறைத்து விடும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூற்றர் உள்ள பழைய கார்களுக்கு மலைப்பனியின் ஈரமே போதும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒன்பது மணி வெயிலில் தானாகவே ஸ்டார்ட் ஆகும் கார் பெரும்பாலும் இந்த வகைதான். டீசலில் டாஷ்போர்டின் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுங்கள், அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் பிடிக்கக்கூடாது. இடையில் ஒரு நிமிடம் ஆற விடுங்கள். ஓட்டோ கியர் காரைத் தள்ளவே தள்ளாதீர்கள். எத்தனை பேர் தள்ளினாலும் அது ஸ்டார்ட் ஆகாது, மலைச்சரிவில் கை தவறினால் ஆள்தான் போகும்.

ஜம்பர் கேபிள் போடும் முறை ஒன்றே. சிவப்பை இறந்த பற்றரியின் கூட்டல் முனையில், மறுநுனியை உதவும் காரின் கூட்டல் முனையில். கறுப்பை உதவும் காரின் கழித்தல் முனையில், கடைசி நுனியை இறந்த காரின் எஞ்சினில் வெறும் உலோகத்தில், பற்றரிக்குத் தள்ளி. பற்றரியைச் சுற்றி ஐதரசன் வாயு இருக்கும், கடைசிப் பொறி அங்கே பறக்கக்கூடாது. உதவும் காரைச் சில நிமிடம் ஓடவிட்டபின் திருப்புங்கள். வெளியே தடித்த இறப்பர், உள்ளே நூல்போன்ற கம்பி என்றிருக்கும் மலிவான கேபிள்கள் சூடாகி உருகும். செம்பு குறைந்தது 16 சதுர மில்லிமீற்றராவது இருக்கவேண்டும்.

ஹைபிரிட்காரர்களுக்குத் தனியாக. "என்ர காரில பெரிய பற்றரி இருக்கு, பயமில்லை" என்பதும் தவறு. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் எஞ்சினைச் சுற்றுவது பெரிய பற்றரிதான், ஆனால் கணினிகளை எழுப்புவது சின்ன 12 வோல்ட் பற்றரி. அது இறங்கினால் ரெடி விளக்கே வராது. டிக்கியிலோ பின் இருக்கைக்கு அடியிலோ இருப்பதால் ஒருவரும் அதைப் பார்ப்பதில்லை. பல டொயோட்டாக்களில் ஜம்ப் கொடுப்பதற்கான முனை பொனட்டுக்குள் ஃபியூஸ் பெட்டியில் இருக்கிறது, இப்போதே கையேட்டில் பார்த்து வையுங்கள். உங்கள் ஹைபிரிட்டைக் கொண்டு இன்னொருவரின் டீசல் வானுக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள்.

ஜம்பில் ஸ்டார்ட் ஆனதும் வேலை முடியவில்லை. திரும்பும் வழியில் இறம்பொடையில் தேநீருக்கு நிறுத்தி எஞ்சினை அணைத்தால் அங்கேயே நிற்பீர்கள். இறங்கிய 45 ஆம்பியர் மணிப் பற்றரியை, கொழும்புக்கு வந்ததும் 4 ஆம்பியர் சார்ஜரில் இரவு முழுக்கப் போடவேண்டும். அதன்பிறகும் வலு நிற்கவில்லையென்றால் மாற்றுங்கள்.

இதற்கெல்லாம் இடமே வைக்காமல் புறப்படுவதற்கு முந்திய கிழமை செய்யவேண்டியது கொஞ்சந்தான். இரவு முழுக்க நின்ற காரில் மல்டிமீற்றரை வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால்வாசி. ஓடி வந்த கையோடு அளந்தால் பொய் அளவு வரும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது, கொழும்புச் சூட்டில் 10க்கு மேலேயே நிற்கவேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 (சில புதிய சின்னக் கார்கள் வேண்டுமென்றே குறைத்துச் சார்ஜ் செய்யும், அதைப் பார்த்து அல்டர்னேற்றரை மாற்றிவிடாதீர்கள்). 12.6 இருக்கிறது, ஆகவே பற்றரி நல்லது என்று முடிவுகட்டாதீர்கள், அது சார்ஜ்தான், கொள்ளளவு இல்லை. மூன்று வருடம் தாண்டிய பற்றரியைச் சுமைச் சோதனைக்குக் கொடுங்கள். பஞ்சிகாவத்தைப் பக்கம் சில நிமிட வேலை.

முனைகளில் வெண்பச்சைப் பூப் பூத்திருந்தால், முதலில் கழித்தல் முனையைக் கழற்றி, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவி, உலர்த்தி, வசிலின் பூசி, கழித்தலைக் கடைசியாகப் பூட்டுங்கள். கடற்கரைப் பக்கக் கார்களுக்கு, பம்பலப்பிட்டி முதல் கல்கிசை வரை, எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டையையும் பாருங்கள். உப்புக் காற்று அதைத் தின்கிறது. ஸ்டார்ட் செய்யும்போது பற்றரிக் கழித்தலுக்கும் எஞ்சினுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் புதுப் பற்றரி போட்டும் பயனில்லை. ஒயிலும் அப்படித்தான். "எங்கட வெயிலுக்குத் தடிப்பானதுதான் நல்லது" என்று 5டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றாதீர்கள். குளிரில் அதைச் சுற்றுவது உங்கள் பற்றரிதான்.

இவ்வளவுக்குப் பிறகும் மலையில் நின்றுவிட்டால் கராஜ் பாஸுக்கு அழைத்து "ஸ்டார்ட் வருகுதில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன சத்தம் கேட்டது, ஹெட்லைற் மங்கியதா, டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிகிறது, பற்றரி போட்டு எத்தனை வருடம், பெற்றோல் மணக்கிறதா என்று ஐந்தையும் சொல்லுங்கள். கொழும்பிலிருந்தபடியே பாதிப் பிழையைப் பிடித்துச் சொல்லிவிடலாம்.