லினக்ஸில் பாஸ்வேர்டு மேனேஜரும் பிரவுசரும் பேசாமல் போனால்

2025 ஆகஸ்டில் ஒரு மதியம், நான் கணினிகளைப் பராமரிக்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. வருமான வரிக் கணக்குத் தாக்கல் மும்முரமாக நடக்கிற நேரம். அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா பேசினார். குரலில் பதற்றம் தெரிந்தது.

"தம்பி, ரீஃபண்ட் வந்திருக்குன்னு ஒரு மெயில். லிங்கைத் தொட்டா நம்ம இன்கம்டாக்ஸ் பக்கம் மாதிரியே வந்துச்சு. பான் நம்பர் போட்டு பாஸ்வேர்டும் போட்டுட்டேன். இப்ப ஏடிஎம் கார்டு நம்பர் கேக்குது. எனக்கு என்னமோ சரியாப் படல."

அந்தப் பக்கத்தை மூடச் சொன்னேன். முகவரியை அவர் கையாலேயே டைப் செய்து உண்மையான தளத்துக்குப் போய், உடனே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னேன். பத்து நிமிடத்தில் முடிந்தது. யாருடைய கணக்கோ அந்தக் கட்சிக்காரருக்குச் சேதம் எதுவும் இல்லை. கார்டு நம்பர் கேட்ட இடத்தில் அக்கா நின்றதால் தப்பித்தோம்.

எனக்கு விளங்காத விஷயம் வேறு. அந்த அலுவலகத்தில் எல்லாக் கணினியிலும் உபுண்டு லினக்ஸ்தான். நான்கு வருடமாக எல்லோருக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு மேனேஜர், அதாவது பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் நிரல், போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸில் அதன் எக்ஸ்டென்ஷனும் இருக்கிறது. அந்த எக்ஸ்டென்ஷன் பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைத்தான் பார்க்கும். வருமான வரித் தளத்தின் முகவரியோடு சேமித்த பாஸ்வேர்டை வேறு முகவரியில் அது நீட்டவே நீட்டாது. அப்படியிருக்க, போலிப் பக்கத்துக்குள் பாஸ்வேர்டு எப்படிப் போனது?

அன்று மாலை நேரில் போனேன். "வழக்கமா எப்படிப் போடுவீங்களோ அப்படியே போட்டுக் காட்டுங்கக்கா" என்றேன். கீபாஸ்எக்ஸ்சியைத் திறந்தார். பட்டியலில் வருமான வரி என்ற வரிக்கு நேரே பாஸ்வேர்டு கட்டத்தில் இரண்டு முறை கிளிக் செய்தார். பாஸ்வேர்டு காப்பி ஆனது. அதை அழித்துவிடுவதற்கான பத்து விநாடிக் கணக்கு கீழே ஓடத் தொடங்கியது. அதற்குள் பிரவுசருக்குத் தாவி ஒட்டினார். கை பழகிய வேகம்.

"மே மாசத்துல இருந்து இப்படித்தான் தம்பி. அந்தச் சாவிப் படம் வேலை செய்யறதில்ல."

எக்ஸ்டென்ஷனின் சின்னத்தைத்தான் சாவிப் படம் என்கிறார். மே மாதம் என்றதும் புரிந்துவிட்டது. உபுண்டு 20.04-க்கான இலவச ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்தது. அந்த அலுவலகத்துக் கணினிகளை எல்லாம் அப்போதுதான் 22.04-க்கு ஏற்றினேன். அந்த ஏற்றத்தில் ஃபயர்ஃபாக்ஸ் சத்தமில்லாமல் வேறு உருவத்துக்கு மாறிவிடும். முன்பு டெப் என்ற வழக்கமான பேக்கேஜாக இருந்தது, 22.04-இல் தனியாக அடைத்து ஓடவைக்கும் ஸ்னாப் பேக்கேஜாக வரும். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் பாதிச் சிக்கலை நீங்களே தீர்த்துவிடலாம்.

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள் வாழும் சின்ன நிரல். பாஸ்வேர்டு பெட்டகமான கீபாஸ்எக்ஸ்சியோ வெளியே தனி நிரலாக ஓடிக்கொண்டிருக்கிறது. இருவரும் நேரடியாகப் பேச முடியாது. நேட்டிவ் மெசேஜிங் என்ற ஏற்பாட்டின்படி, பிரவுசர் ஒரு தூதனை எழுப்ப வேண்டும். கீபாஸ்எக்ஸ்சியுடன் கூடவே வரும் ப்ராக்ஸி என்ற குட்டி நிரல்தான் அந்தத் தூதன். அவன் இருக்கும் இடம், அவனோடு பேச உரிமையுள்ள எக்ஸ்டென்ஷன் எது என்ற விவரங்கள் ஒரு சிறிய ஜேசான் கோப்பில் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் மொசில்லா ஃபோல்டரில், குரோம் என்றால் கன்ஃபிக் ஃபோல்டருக்குள் அதற்குரிய இடத்தில். கீபாஸ்எக்ஸ்சியின் செட்டிங்ஸில் 'பிரவுசர் இன்டக்ரேஷன்' என்ற பகுதியில் உங்கள் பிரவுசரை டிக் செய்தால் அந்தக் கோப்பை அதுவே எழுதிவிடும். பிரவுசர் கோப்பைப் படித்து, தூதனை எழுப்பும். தூதன், ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பெட்டகத்தின் கதவைத் தட்டுவான்.

ஸ்னாப்பும், அதைப் போன்ற இன்னொரு பேக்கேஜ் வகையான ஃபிளாட்பேக்கும் பிரவுசரைச் சுற்றி ஒரு மதில் எழுப்புகின்றன. மதிலுக்கு வெளியே உள்ள எந்த நிரலையும் பிரவுசர் எழுப்ப முடியாது. பாதுகாப்புக்காகத்தான் அப்படி. ஆனால் நம் தூதன் இருப்பதும் வெளியேதான். 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 வெளிவந்தபோது ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸில் இந்த இணைப்பு வேலையே செய்யவில்லை. பிறகு உபுண்டுக்காரர்கள் மதிலில் ஒரு வாசல் வைத்தார்கள். எக்ஸ்டென்ஷன் முதல்முறை தூதனைக் கேட்கும்போது, இதை அனுமதிக்கலாமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். 'அலவ்' கொடுத்தால் அதற்குமேல் தொல்லை இல்லை.

அக்கா 'டினை' கொடுத்திருந்தார்.

"தெரியாத பெட்டி எது வந்தாலும் வேண்டாம்னு கொடுக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். உண்மைதான். நான் சொல்லித் தந்ததை அவர் சரியாகச் செய்திருக்கிறார். இப்படி ஒரு பெட்டி வரும், இதற்கு மட்டும் சம்மதம் கொடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. ஒருமுறை மறுத்தால் அது பெர்மிஷன் ஸ்டோர் என்ற பதிவேட்டில் ஏறிவிடும். பெட்டி மறுபடி வராது. எக்ஸ்டென்ஷனை நீக்கி மீண்டும் போட்டாலும், கணினியை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தப் பதிவு அழியாது. ஃபிளாட்பேக் கருவியை நிறுவிக்கொண்டு, அதன் பெர்மிஷன் கட்டளையால் 'வெப்எக்ஸ்டென்ஷன்ஸ்' என்ற அட்டவணையில் இருக்கும் மறுப்பை நீக்க வேண்டும், அல்லது சம்மதமாக மாற்ற வேண்டும். ஸ்னாப்பின் சிக்கலுக்கு ஃபிளாட்பேக் கருவியா என்று தோன்றும். இரண்டுக்கும் பதிவேடு ஒன்றுதான். மாற்றிய அடுத்த நிமிடம் சாவிப் படம் பச்சையானது.

சரி, இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இணைப்பு அறுந்தால் பெரும்பாலோர் புகார் செய்வதில்லை. காப்பி செய்து ஒட்டிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார்கள். வேலை நடக்கிறது, ஆகவே எதுவும் கெடவில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் முகவரியைச் சரிபார்க்கும் காவல்காரன் போய்விட்டான். அந்த வேலை மனிதக் கண்ணின் தலையில் விழுகிறது. மாலை ஆறு மணிக்கு நாற்பதாவது கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் எந்த எழுத்தை விட்டுவிடும் என்று யாரால் சொல்ல முடியும்? பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருக்கிறோம், பாஸ்வேர்டுகளும் நீளமாக, வெவ்வேறாக இருக்கின்றன. போலிப் பக்கத்தின் முன்னால் அந்த நீளத்தால் பயனில்லை. இருபது எழுத்தும் முழுசாகப் போய்விடும்.

காப்பி செய்வதற்குப் பதில் ஆட்டோடைப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்பார்கள். கீபாஸ்எக்ஸ்சியே விசைப்பலகை போல டைப் செய்யும் வசதி அது. அது ஜன்னலின் தலைப்பை வைத்துத்தான் பொருத்துகிறது. தலைப்பில் என்ன எழுதுவது என்பது போலிப் பக்கம் செய்தவன் கையில். போதாததற்கு, இப்போதைய உபுண்டுவில் இயல்பாக வரும் வேலேண்ட் என்ற திரை அமைப்பில் கீபாஸ்எக்ஸ்சி 2.7 பதிப்பின் ஆட்டோடைப் வேலை செய்வதுமில்லை. ஆகவே எக்ஸ்டென்ஷன் இணைப்பைச் சரிசெய்வதுதான் வழி.

உங்கள் கணினியில் இணைப்பு இல்லையென்றால் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பிரவுசர் எந்தப் பேக்கேஜ் என்பதை. ஃபயர்ஃபாக்ஸின் ஹெல்ப் மெனுவில் 'அபௌட் ஃபயர்ஃபாக்ஸ்' திறங்கள். ஸ்னாப் என்றால் 'ஸ்னாப் ஃபார் உபுண்டு' என்று அதிலேயே எழுதியிருக்கும். 'கீ எக்ஸ்சேஞ்ச் வாஸ் நாட் சக்சஸ்ஃபுல்' என்ற ஒற்றை வரிதான் எக்ஸ்டென்ஷன் காட்டும் பிழைச் செய்தி. அதைப் பார்த்துவிட்டுச் சாவியில்தான் கோளாறு என்று டேட்டாபேஸைக் குடைகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் தூதன் எழுந்திருக்கவே இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

பத்துப் பேர் வேலை செய்யும் அலுவலகத்தில் நான் இப்போது செய்வது, ஸ்னாப்பை எடுத்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவின் சொந்த ஏப்ட் ரெப்பாசிட்டரியிலிருந்து (பேக்கேஜ் களஞ்சியம்) டெப் ஃபயர்ஃபாக்ஸைப் போடுவது. இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஸ்னாப் ஃபயர்ஃபாக்ஸின் ப்ரொஃபைல், அதாவது உங்கள் சொந்தத் தரவு, ஹோம் ஃபோல்டரில் உள்ள ஸ்னாப் ஃபோல்டருக்குள் இருக்கும். நீக்குவதற்கு முன் அதைப் பழைய மொசில்லா ஃபோல்டருக்கு நகலெடுக்க வேண்டும், இல்லையென்றால் புக்மார்க் முதல் எல்லாம் காணாமல் போனதாக மறுநாள் காலையில் போன் வரும். அடுத்தது, மொசில்லாவின் பேக்கேஜுக்கு ஆயிரம் என்ற முன்னுரிமை எண் கொடுத்து ஒரு சிறிய கோப்பு எழுத வேண்டும். அதை விட்டுவிட்டால், உபுண்டுவின் சொந்தப் பட்டியலில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற பெயரில் இருக்கும் மாற்றுப் பேக்கேஜ் ஸ்னாப்பைத் திரும்ப இழுத்து வந்துவிடும். குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரின் ஸ்னாப்போடு நான் மல்லுக்கட்டுவதே இல்லை. குரோமோ பிரேவோ டெப் பேக்கேஜாகப் போட்டுவிடுகிறேன்.

உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸில் வேறு கதை. 2024-இல் அங்கே கீபாஸ்எக்ஸ்சி பேக்கேஜை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்றில் பிரவுசர் இணைப்பு உட்படப் பல வசதிகள் நீக்கப்பட்டன. தாக்குதலுக்கு வழி குறையட்டும் என்பது அவர்கள் வாதம். எல்லா வசதியும் வேண்டுமென்றால் பெயரில் 'ஃபுல்' என்று முடியும் பேக்கேஜை நிறுவ வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு செட்டிங்ஸில் பிரவுசர் இன்டக்ரேஷன் பகுதியே காணோம் என்றால் காரணம் இதுதான். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன், ஆனால் அலுவலகங்களில் முழுப் பேக்கேஜைத்தான் போடுகிறேன். இணைப்பை எடுத்தால் அக்கா செய்ததைத்தான் எல்லோரும் செய்வார்கள்.

ஃபிளாட்பேக் ஃபயர்ஃபாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. வெளியே உள்ள கணினியில் கட்டளைகளை இயக்கும் உரிமையைப் பிரவுசருக்குக் கொடுத்து, ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வழியாகத் தூதனை எழுப்புவது. இணைப்பு கிடைத்துவிடும். ஆனால் அந்த உரிமை தூதனுக்கு மட்டும் பொருந்துவதல்ல. பிரவுசர் உங்கள் கணினியில் எந்தக் கட்டளையையும் இயக்கலாம் என்றாகிவிடும். ஒரு வாசலுக்காக மதிலையே இடிக்கிற காரியம் இது. தயவுசெய்து செய்யாதீர்கள். மதில் முக்கியம் என்றால் பிட்வார்டன் போல எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே பெட்டகத்தை வைத்துக்கொண்டு செர்வரோடு நேராகப் பேசுகிற மேனேஜருக்கு மாறிவிடலாம். அதற்கு வெளித்தூதன் தேவையில்லை.

பிரவுசரிலேயே பாஸ்வேர்டைச் சேமித்தால் இந்தத் தலைவலி இல்லையே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் ப்ரைமரி பாஸ்வேர்டு வைக்காவிட்டால், ப்ரொஃபைல் ஃபோல்டரை நகலெடுத்த யாரும் உள்ளே இருப்பதைப் படிக்கலாம். லினக்ஸில் குரோமியம், க்னோம் கீரிங் அல்லது கேவாலட் என்ற லினக்ஸின் சாவிப் பெட்டிகள் கிடைக்காத நிலையில், மூலநிரலிலேயே எழுதிவைத்த ஒரு பொதுச் சொல்லால்தான் பூட்டுகிறது. 'பீநட்ஸ்' என்பது அந்தச் சொல். உலகத்துக்கே தெரிந்த சாவி.

இணைப்பு வந்த பிறகும் சாவிப் படம் எதையும் நிரப்பவில்லை என்றால், அந்தப் பதிவில் முகவரிக் கட்டம் காலியா என்று பாருங்கள். எக்செலில் வைத்திருந்த பட்டியலை இம்போர்ட் செய்த அலுவலகங்களில் பெரும்பாலும் அது காலியாகத்தான் இருக்கும். இருநூறு பதிவுகளுக்கு முகவரி போட ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். முகவரியை நீங்கள் நம்பும் இடத்திலிருந்து எடுத்துப் போடுங்கள், மெயிலில் வந்த லிங்கிலிருந்து அல்ல.

நவம்பரில் அக்கா மறுபடி போன் செய்தார். "தம்பி, பேங்க் பக்கத்துல சாவி ஒண்ணும் தர மாட்டேங்குது. நான் காப்பி பண்ணல, அப்படியே விட்டுட்டு உங்களைக் கூப்பிட்டேன்."

இந்த முறை பக்கம் உண்மையானது. இந்திய வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் 'பேங்க் டாட் இன்' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருந்தது. அந்த வங்கியும் மாறியிருந்தது. ஆனாலும் நான் வாயால் சரி என்று சொல்லவில்லை. பாஸ்புக்கில் அச்சிட்டிருந்த எண்ணுக்கு அவரையே கூப்பிட்டு முகவரியைக் கேட்கச் சொன்னேன். எழுத்து எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கீபாஸ்எக்ஸ்சியில் அந்தப் பதிவின் பிரவுசர் இன்டக்ரேஷன் பகுதியில் கூடுதல் முகவரி சேர்க்க இடம் உண்டு. அதில் எழுதிவைத்ததைப் பார்த்துப் பார்த்து அவரே டைப் செய்தார். பக்கத்தை ரீலோட் செய்ததும் சாவி வந்தது.

"மத்த பேங்குக்கும் இதே மாதிரி மாத்தணுமா?" என்றார். அவர்கள் அலுவலகத்தில் மொத்தம் பதினோரு வங்கிகள். பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் போன் செய்யும் வேலையை அன்றே ஆரம்பித்துவிட்டார்.