விண்டோ: காற்றின் கண்

விண்டோ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் காற்று இருப்பது கேட்டதுமே தெரிந்துவிடும். பின்பாதியில் ஒரு கண் ஒளிந்திருப்பதுதான் தெரியாது.

8ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக் கரைகளைத் தாக்கத் தொடங்கிய வைக்கிங்குகள் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகள், பிறகு அங்கேயே குடியேறினார்கள். அவர்களுடைய பழைய நோர்ஸ் மொழியில் 'விண்டர்' காற்று, 'அவுகா' கண். கண்ணாடி இல்லாத வெறும் திறப்பை 'விண்டவுகா' என்றார்கள். 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது இடம்பிடித்துவிட்டது. அதற்கு முன் ஆங்கிலேயர் சொன்னதும் 'கண்துளை' என்று பொருள்படும் சொல்தான். அதிலிருந்த 'துளை' இன்றும் நாஸ்ட்ரில் என்ற மூக்குத்துளையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்னும் பின்னால் போனால், ஆங்கிலம், லத்தீன், சமஸ்கிருதம் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்தோ-ஐரோப்பிய வேர்கள். காற்றுக்கான வேரே லத்தீனில் 'வென்டுஸ்', சமஸ்கிருதத்தில் 'வாத' ஆனது. கண்ணுக்கான வேர் 'ஒக்குலுஸ்', 'அக்ஷி' என்று பிரிந்தது. மாட்டுக்கண் என்று பொருள்படும் 'கவாக்ஷ' சமஸ்கிருதத்தில் ஜன்னலைக் குறிக்கிறது.

சரி, தமிழில்? ஜன்னல் போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது. அதன் மூலம், கதவைக் குறிக்கும் லத்தீன் 'யானுவா'. நம்மிடம் முன்பே இருந்த சொல் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரம் புகாரின் மாளிகைகளைப் பாடும்போது 'மான்கண் காலதர்' என்கிறது. மானின் கண் போன்ற காற்றுவழி! நோர்ஸ்காரர்களோடு எந்த உறவும் இல்லாமல், அதே காற்றையும் அதே கண்ணையும் இளங்கோவும் சேர்த்துப் பார்த்திருக்கிறார். எனக்கு இதில் தீராத வியப்பு. அதே காப்பியத்தில் தென்றல், 'கோலச் சாளரக் குறுங்கண் நுழைந்து' வண்டோடு வீட்டுக்குள் வருகிறது. அங்கேயும் கண்தான்.

ஜன்னலுக்கு இன்னொரு தமிழ்ச் சொல்லான பலகணியும் 'பல கண்' உடையதே. பால்கனி வேறு, அது இத்தாலிய மொழியிலிருந்து வந்தது. ஒலி நெருக்கமாக இருப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

பேச்சில் ஜன்னல் இருக்கட்டும். எழுத்தில் சாளரம் எல்லோருக்கும் புரியும். கணினித் திரையில் திறக்கும் விண்டோவுக்கும் அதுவே பொருத்தம். ஆனால் வீட்டுச் சுவரில் காற்று வரத் திறந்திருக்கும் விண்டோவுக்கு நேர்ச்சொல் காலதர்தான். அப்புறம், கதையிலும் கவிதையிலுமாவது அதை எழுதத் தொடங்கலாமே.