யூரர் என்றால் யார்?

மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடிப் பக்கத்து மாமா ஒருவர் பதறிப்போய் வந்தார். கையில் மேல் நீதிமன்ற அழைப்பாணை. "என்னையும் வழக்குல போட்டுட்டாங்களா மனே?" என்றார். அவரைக் கலங்கடித்தது கடிதத்தில் இருந்த 'யூரர்' என்ற ஒரே சொல்.

யூலை, யூன் என்று எழுதும் நம் பழக்கத்தில்தான் ஜூரியும் யூரி ஆனது. வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுதான் யூரி. அதில் ஒருவர் யூரர். மூலம் லத்தீன். 'யூராரே' என்றால் சத்தியம் செய்தல். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் 'ஜூ' ஆகியது, நம்மிடம் வந்து மறுபடி 'யூ' ஆகிவிட்டது! ஆக, யூரர் என்றால் சத்தியம் செய்தவர். சட்டம் படித்தவர் என்ற பொருள் அதில் இல்லை.

தமிழில் என்ன சொல்வது? 'நடுவர்' என்றால் இங்கே பட்டிமன்றமும் கிரிக்கெட்டும்தான் நினைவுக்கு வரும். நாம் நீதவான் என்பவரைத் தமிழ்நாட்டில் நடுவர் என்பதால் குழப்பம் இன்னும் கூடும். 'சான்றாயர்' அழகான சொல்தான். ஆனால் சான்று என்றதும் சாட்சி என்று நினைத்துக்கொள்வார்கள். யூரர் சாட்சி சொல்பவரல்ல, சாட்சியைக் கேட்பவர். யூரிக்கு என் விருப்பம் 'அறங்கூறாயம்'. ஆயம் என்றால் கூட்டம். மதுரைக்காஞ்சியிலேயே 'அறங்கூறவையம்' உண்டு. ஒரு குறை, அந்த அவையத்தார் நீதிபதிகளே. மூலச்சொல்லின் உயிரான சத்தியமும் இதில் விட்டுப்போகிறது. அதனால் கட்டுரையில் அறங்கூறாயம் என்று எழுதலாம். மாமாவுக்கு விளக்கும்போது யூரர் என்பதே போதும்.

இந்தியாவில் குற்ற வழக்குகளுக்கு யூரி முறை ஒழிந்துவிட்டது. இலங்கையில் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் அதை வைத்திருக்கிறது. மேல் நீதிமன்றத்தில், கொலை போன்ற பாரிய வழக்குகளில், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், கேட்டால் யூரி. ஏழு பேர். தங்களில் ஒருவரைத் தலைவராக அவர்களே தெரிவுசெய்வார்கள். ஏகமனதாகவோ, குறைந்தது ஐந்துக்கு இரண்டு என்றோ முடிவு சொல்ல வேண்டும். எந்த மொழிப் பட்டியலிலிருந்து யூரி எடுப்பது என்பதையும் எதிரி தெரிவுசெய்யலாம். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நடராஜா ரவிராஜின் கொலை வழக்கில் 2016இல் சிங்கள யூரி எதிரிகளை விடுவித்தபோது தமிழர்கள் பலரின் கவனம் இந்த ஏற்பாட்டின் மீது திரும்பியது.

'தீர்ப்பு' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். யூரர் சொல்வது குற்றவாளியா இல்லையா என்ற முடிவை மட்டுமே. சட்டத்தை விளக்குவதும் தண்டனை கொடுப்பதும் நீதிபதியின் வேலை. இரண்டையும் தீர்ப்பு என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

சரி, மாமாவுக்குச் சொன்னது இவ்வளவுதான். அழைப்பாணையையும் அடையாள அட்டையையும் கொண்டு நேரத்துக்குப் போங்கள். வருத்தமோ வேறு தடங்கலோ இருந்தால் வீட்டில் இருந்துவிடாமல் நீதிமன்றத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். எதிரியோ இறந்தவரோ சொந்தம், தெரிந்தவர் என்றால் சத்தியம் செய்வதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் குடி வழி தேடினால் யாரும் யாருக்கும் சொந்தம்தானே! வழக்கு நடக்கும்போது தேநீர்க் கடையிலும் வீட்டிலும் அதைப்பற்றிக் கதைக்கக் கூடாது; சம்பவ இடத்தைத் தனியாகப் போய்ப் பார்க்கவும் கூடாது.

வீட்டிலும் கதைக்கக் கூடாது என்றதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்தது. "மாமியிட்டயும் சொல்லக்கூடாதா?"