கடிதத்துக்குள் ஒளிந்து வரும் கட்டளை

“கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லவில்லை, ஐயத்துக்குரிய இணைப்பு எதையும் சொடுக்கவும் இல்லை, அப்படியிருந்தும் ஒருவர் என் கணினிக்குள் நுழைய முடியுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். முடியும்.

செய்திகளில் அன்றாடம் அடிபடும் தாக்குதல்களை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். போலித் தளத்தைக் காட்டிக் கடவுச்சொல்லைக் கறக்கும் ஃபிஷிங், மனிதரை ஏமாற்றும் வேலை. கணினிக்கு அதில் பெரிய பங்கில்லை. எண்ணற்ற கருவிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்து வழங்கியைத் திணறடிப்பது சேவை மறுப்புத் தாக்குதல். 2016இல் மிராய் தீநிரல், கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்புக் கேமராக்களைக்கூட இதற்குப் படையாகத் திரட்டியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர், உள்ளே நுழைந்த பிறகு நடப்பது. ஆனால், 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை எவரும் எதையும் சொடுக்காமலேயே கணினி விட்டுக் கணினி தாவியது. விண்டோஸின் கோப்புப் பகிர்வுச் சேவையில் இருந்த ஒரு பிழைதான் அதற்கு வாசல்; மார்ச் மாதமே திருத்தம் வெளியாகியும் பலர் அதை நிறுவியிருக்கவில்லை. வாசகரின் கேள்விக்கான விடை இந்த வகைப் பிழையில் இருக்கிறது.

இன்றைய கணினிகள் பெரும்பாலும் ஜான் வான் நாய்மன் 1945இல் விவரித்த அமைப்பின் வழிவந்தவை; அவற்றில் கட்டளைகளும் தரவுகளும் ஒரே நினைவகத்தில் எண்களாகவே கிடக்கின்றன. ஒரு பைட்டைத் தனியே எடுத்துப் பார்த்து, அது எழுத்தா கட்டளையா என்று சொல்லிவிட இயலாது. ஒரு நிரல் தன் துணைநிரலை அழைக்கும்போது, வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியை ஸ்டாக் எனப்படும் அடுக்கில் குறித்து வைக்கிறது. வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கி வைக்க, துணைநிரல் அதே அடுக்கில் பஃபர் என்னும் சிறு இடத்தை ஒதுக்கிக்கொள்கிறது. பெரும்பாலான கணினிகளில் அடுக்கு கீழ்நோக்கி வளர்கிறது, பஃபரோ மேல்நோக்கி நிரம்புகிறது. ஆகவே, 8 எழுத்துக்கான இடத்தில் 30 எழுத்துகள் வந்து, நிரல் நீளத்தைச் சரிபார்க்காமலும் இருந்தால், மிஞ்சியவை மேலேறித் திரும்பும் முகவரியையே அழித்தெழுதிவிடும். தற்செயலாக நேர்ந்தால் நிரல் நொறுங்கும், அவ்வளவுதான். திட்டமிட்டு அனுப்பியவரின் செய்தியிலோ, அந்தப் புதிய முகவரி செய்தியின் தொடக்கத்தையே சுட்டும். எழுத்துகள்போல் வந்தவை அங்கே கட்டளைகளாகக் காத்திருக்கும். துணைநிரல் கடமை தவறாமல் திரும்பிச் செல்கிறது, வந்த கடிதத்துக்குள்ளேயே.

1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவத் தொடங்கிய, தானாகவே பரவும் தீநிரலான மோரிஸ் புழு கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. கணினியில் யார் இருக்கிறார் என்று சொல்லும் ஃபிங்கர் சேவை 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. புழு 536 பைட் அனுப்பியது. உபரியாக வந்த 24 பைட்டுகளே போதுமாக இருந்தன. வாக்ஸ் செயலிக்கென எழுதப்பட்ட கட்டளைகள் என்பதால், வேறு செயலி கொண்ட சன் கணினிகளில் இதே தந்திரம் பலிக்கவில்லை. அளவு கேட்காமல் வாங்கிப் போட்ட ‘கெட்ஸ்’ என்ற செயற்கூறு சி மொழியின் தரநிலையிலிருந்து நீங்க 2011 வரை ஆயிற்று. இந்தத் தாமதத்தை என்னால் இன்றும் மன்னிக்க இயலவில்லை.

தரவுத்தளங்களுக்குக் கட்டளையிடும் மொழியான எஸ்க்யூஎல் வழியாக அவற்றைத் தாக்கும் எஸ்க்யூஎல் ஊடுருவலும் இதன் உறவுதான். பெயர் கேட்கும் பெட்டியில் ஒருவர் இடும் ஒற்றை மேற்கோள் குறியில் பெயர் முடிந்து, அடுத்து வருவது கட்டளையின் பகுதியாகிவிடுகிறது.

இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014இல் தெரியவந்த ஹார்ட்பிளீட் பிழையும், அனுப்பியவர் சொன்ன நீளத்தை அப்படியே நம்பியதால் வந்தது. ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை நினைவகத்தை அது கசியவிட்டது. உலகின் பெரும் நிறுவனங்களெல்லாம் சார்ந்திருந்த அந்த ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்துக்கு அதுவரை கிடைத்த நன்கொடை ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 டாலர். காப்பு மென்பொருள் விளம்பரங்களில் கொட்டும் பணத்தில் ஒரு துளி அங்கே போயிருக்கலாம் என்பது என் கருத்து.

காப்புகளும் வந்தன. திரும்பும் முகவரிக்கு முன்னால் ஒரு ரகசிய எண்ணை வைத்து, திரும்புமுன் அது மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்று. நச்சுவாயுவை முன்கூட்டியே காட்டிக்கொடுத்த நிலக்கரிச் சுரங்கப் பறவையின் நினைவாக அதற்குக் கேனரி என்று பெயர். அடுக்கில் இருக்கும் எதையும் கட்டளையாக இயக்காதே என்று செயலிக்குத் தடைவிதிப்பது இன்னொன்று. இந்தத் தடையைத் தாண்டும் வழியை 2007இல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹோவாவ் ஷாகம் விளக்கினார். கட்டளை எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. நிரலுக்குள் ஏற்கெனவே இருக்கும், ‘திரும்பு’ என முடியும் துணுக்குகளின் முகவரிகளை வரிசையாக அடுக்கில் வைத்தால் போதும், ஒவ்வொன்றும் முடிந்து அடுத்ததற்குத் தாவும். இன்டெல் வகைச் செயலிகளான எக்ஸ்86 செயலிகளில் கட்டளைகளின் நீளம் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஆகையால், ‘தாமரை’யை இரண்டாம் எழுத்திலிருந்து படித்தால் ‘மரை’ என்னும் மானினம் எழுந்து நிற்பதுபோல, ஒரு கட்டளையின் நடுவிலிருந்து படிக்கத் தொடங்கினால், நிரலை எழுதியவர் எழுதவே எழுதாத வேறொரு கட்டளை அங்கே கிடைக்கிறது.