டயப்பர் டெண்டர்: ஒரு பேடின் விலையை மட்டும் பார்த்தால் என்ன ஆகும்?

சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாதவர்களுக்கு அரசுச் செலவில் பேடும் டயப்பரும் வீட்டுக்கே அனுப்பும் திட்டங்கள் பல நாடுகளில் இருக்கின்றன. நான் இந்தத் துறையில் செவிலியர். ஒருவரைப் பரிசோதித்து, எந்த வகை, எந்த அளவு, நாளைக்கு எத்தனை என்று எழுதிக்கொடுப்பது என் வேலை. அந்தப் பொருட்களை யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்யும் டெண்டர் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரியில் கசிகிறது, தொடை இடுக்கில் அறுக்கிறது, பெட்டி நேரத்துக்கு வரவில்லை என்று குடும்பங்கள் சொல்லும் புகார்கள் பலவற்றின் வேரைத் தேடிப் போனால், அது டெண்டர் ஆவணத்தின் ஏதோ ஒரு வரியில் போய் நிற்கும். அல்லது அங்கே யாரும் எழுதாமல் விட்ட வரியில்.

முதலில் விலை. பெரும்பாலான டெண்டர்களில் நிறுவனங்களிடம் கேட்கப்படுவது ஒரு பேடின் விலை. பார்ப்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல பேட் ஒன்றின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 3 போதும். இன்னொரு நிறுவனம் 20 சதவீதம் குறைத்து 80க்குத் தருகிறது, ஆனால் அது சீக்கிரம் கசிவதால் நாளைக்கு 4 தேவைப்படுகிறது. முதலாவதற்கு ஒரு நாள் செலவு 300, இரண்டாவதற்கு 320. மலிவான பேட்தான் அதிகச் செலவு வைக்கிறது. நனைந்த படுக்கை விரிப்பைத் துவைப்பது, நள்ளிரவில் மகளோ கணவரோ எழுந்து உடை மாற்றிவிடுவது, புண்ணான தோலுக்கு மருந்து போடுவது எதுவும் இந்த 320க்குள் வரவில்லை. அந்தச் செலவுகள் வேறு துறையின் கணக்கிலோ குடும்பத்தின் தலையிலோ விழும். வாங்குகிற துறைக்கு அது கண்ணில் படவே படாது.

அதனால் டெண்டரில் கேட்க வேண்டியது, ஒருவரை ஒரு நாள் முழுக்க நனையாமல் வைத்திருக்க ஆகும் மொத்தச் செலவு. இது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 2014இல் வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுக் கொள்முதல் நெறிமுறையே, விலையோடு தரத்தையும் பயன்பாட்டுக் காலச் செலவையும் சேர்த்து மதிப்பிட இடம் கொடுக்கிறது. சட்டத்தில் இடம் இருந்தும், மதிப்பெண் அட்டவணை தயாரிக்கும்போது விலைக்கு 70, தரத்துக்கு 30 என்று போட்டுவிட்டால் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிடும். தரத்தில் எவ்வளவு பின்தங்கினாலும் விலையைக் குறைத்து ஈடுகட்டிவிடலாம். தரத்தில் இவ்வளவாவது எடுத்தால்தான் விலைக் கவரையே பிரிப்போம் என்ற விதி இருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது.

சரி, தரத்தை எப்படி அளப்பது? இங்கேதான் பெரிய குழப்பம். எல்லா நிறுவனங்களும் தங்கள் பேட் இத்தனை மில்லி பிடிக்கும் என்று ஓர் எண்ணைக் காட்டுவார்கள். அது பெரும்பாலும் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓவின் 11948 என்ற தர அளவுகோலின் முதல் பகுதிப்படி, ரோத்வெல் முறையில் எடுத்த எண். அந்தச் சோதனையில் முழு பேடையும் உப்புக் கரைசலில் மூழ்கவைத்து, வடியவிட்டு, எடை போடுவார்கள். பேட் அதிகபட்சம் எவ்வளவு குடிக்கும் என்பது அதில் தெரியும். மனித உடம்பில் அப்படி நடப்பதில்லை. உட்கார்ந்திருக்கும்போது உடல் எடை பேடை அழுத்துகிறது. சிறுநீர் ஒரே இடத்தில், சில நேரம் சட்டென்று மொத்தமாகக் கொட்டுகிறது. ஆண்களுக்கு முன்பக்கம் நனையும், பெண்களுக்கு நடுவில் நனையும், ஒருக்களித்துப் படுத்திருப்பவருக்கு இடுப்போரம் வழியும். அதனால் ஆய்வகத்தில் 1,500 மில்லி பிடிக்கும் பேட் வீட்டில் அந்த அளவைத் தொடுவதற்கு வெகு முன்பே கசிய ஆரம்பித்துவிடும். அந்த எண்ணை ஒரே வகையைச் சேர்ந்த பேடுகளை ஒப்பிட ஒரு தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பேடுக்குள் இருக்கும் உறிஞ்சும் துகள்கள் சோடியம் பாலிஅக்ரிலேட். சுத்தமான நீரில் அது தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு உறிஞ்சும். சிறுநீரைப் போல உப்புள்ள திரவத்தில் சில பத்து மடங்குதான். விற்பனைப் பிரதிநிதி மேசையில் ஒரு குவளைத் தண்ணீரை பேடில் ஊற்றிக்காட்டினால் எல்லோரும் வியந்து போவதன் ரகசியம் இதுதான். அந்த வித்தைக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.

நான் பார்க்கச் சொல்வது வேறு. திரவத்தை எவ்வளவு வேகமாக உள்ளே இழுக்கிறது? அழுத்தினால் மேற்பரப்பு மறுபடி நனைகிறதா? வெளித்தாள் காற்றை விடுகிறதா? ஓர மடிப்புகள் தொடையில் பொருந்தி நிற்கின்றனவா? ஈரம் தோலில் தங்கினால் தோல் ஊறி வலுவிழக்கிறது. மலமும் சேர்ந்துவிட்டால் அதிலுள்ள செரிமான நொதிகள் இன்னும் வேகமாக அரிக்கின்றன. கசிவினால் வரும் இந்தத் தோல் அழற்சியைப் படுக்கைப் புண் என்று தவறாகப் பதிவு செய்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. படுக்கைப் புண் அழுத்தத்தால் வருவது என்பதால், அப்படிப் பதிவானால் மெத்தையை மாற்றுவார்கள், பேடை மாற்ற மாட்டார்கள்.

இதெல்லாம் காகிதத்தில் முழுசாகத் தெரியாது. பயன்படுத்துகிறவர்களே சில நாள் போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். பயனாளி, பராமரிப்பாளர் பார்வையில் மதிப்பிடும் வழிமுறைகளுக்கு ஐஎஸ்ஓ 16021, ஐஎஸ்ஓ 15621 என்ற அளவுகோல்களே இருக்கின்றன. பிராண்ட் பெயர் தெரியும் உறையை நீக்கிவிட்டு, கசிந்ததா, எங்கே கசிந்தது, கழற்றும்போது எடை என்ன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னால் போதும், நிறைய தெரியவரும். 2008இல் பிரிட்டனில் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வு ஒன்றும் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே வடிவம் கிடையாது என்றுதான் காட்டியது. ஆண், பெண் தேவை வேறு; ஒரே ஆளுக்குப் பகலும் இரவும் வேறு. ஆகவே செலவைச் சுருக்குகிறோம் என்று வகைகளை வெட்டி, இழுத்து அணியும் உள்ளாடை வகையை மொத்தமாகப் பட்டியலிலிருந்து தூக்கிவிடும்போது, தானே கழிப்பறைக்கு நடந்து போகக்கூடிய ஒருவரை மற்றவர் உதவிக்குக் காத்திருக்க வைக்கிறோம்.

இன்னொரு விஷயம், மதிப்பீட்டுக் கூடை. டெண்டரில் 40 வகைப் பொருட்கள் இருக்கும். ஒவ்வொன்றும் எத்தனை தேவைப்படும் என்று துறை ஒரு மதிப்பீடு தரும். பழைய கணக்கைத் தூசி தட்டி அப்படியே போட்டுவிட்டால், அனுபவமுள்ள நிறுவனம் உடனே கண்டுபிடித்துவிடும். காகிதத்தில் அதிகம் போகும் என்று காட்டியிருக்கும் பேடுக்கு அடிமாட்டு விலை, நிஜத்தில் அதிகம் போகும் பெரிய அளவுக்கும் இரவு பேடுக்கும் கூடுதல் விலை. ஒவ்வொரு விலையையும் துறை தந்த எண்ணிக்கையால் பெருக்கி மொத்தக் கூடையைக் கூட்டினால், குறைந்த தொகை காட்டும் அவர்தான் முதலிடம். ஆறு மாதம் கழித்து பில் வரும்போதுதான் விஷயம் புரியும்.

இனி டெலிவரி. இதை ஏதோ போக்குவரத்துச் செலவு என்று ஒரு பத்தியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளைக் கேட்டால், பேடின் தரத்துக்குச் சமமான விஷயம் இது. பொதுவாக 8 அல்லது 12 வாரத்துக்கு ஒருமுறை அனுப்புவார்கள். நாளைக்கு 4 பேட் என்றால் 12 வாரத்துக்கு 336. ஒற்றை அறையில் வாழ்கிறவர் அதை எங்கே வைப்பார்? கட்டிலுக்கு அடியில் நிறைந்து, அப்புறம் நடைவழியில் அடுக்கி, தடுக்கி விழுந்தவர்களும் உண்டு. நிறுவனத்துக்கு நீண்ட இடைவெளி லாபம். இடமில்லாதவர்களுக்கு 4 வாரச் சுற்று உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதாவிட்டால் பின்னால் கேட்டுப் பயனில்லை.

பெட்டி வெறும் பெட்டியாக இருக்க வேண்டும். வெளியே படமோ பொருளின் பெயரோ கூடாது. டெலிவரி செய்பவர் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது, கொடுக்கலாம் என்று பயனாளி முன்பே சொல்லியிருந்தால் தவிர. மாடிப்படி ஏற முடியாதவருக்கு அறைக்குள் கொண்டுவந்து வைப்பது யார் பொறுப்பு என்பதும் எழுதப்பட வேண்டும். வாசலில் இறக்கிவிட்டுப் போனாலும் நிறுவனத்தின் அறிக்கையில் அது 'நேரத்தில் முடிந்த டெலிவரி' தான்.

கேட்டால்தான் அனுப்புவது நல்லதா, தானாக அனுப்பிவிடுவது நல்லதா என்பதில் எனக்கு இரண்டு மனசு உண்டு. தானாகப் போனால் பெட்டிகள் தேங்கும், பொதுப்பணம் வீணாகும். தொலைபேசி செய்தால்தான் வரும் என்றால், மறதி நோய் உள்ளவர் தனியாக இருக்கும் வீட்டுக்குப் பெட்டி வராது. ஆளைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பரிசோதித்த செவிலியரிடம் இருக்கட்டும். மருத்துவமனையில் சேர்ந்தால் நிறுத்திவைப்பது, இறந்துவிட்டால் அன்றே நிறுத்துவது யார் வேலை என்பதும் தெளிவாக இருக்கட்டும். காரியம் முடிந்த வாரத்தில் இறந்தவர் பெயரில் டயப்பர் பெட்டி வந்து நின்ற வீடுகள் எனக்குத் தெரியும். அந்தக் குடும்பத்திடம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

சில நிறுவனங்கள் ஒப்பந்தத்தோடு பரிசோதனைச் செவிலியர்களையும் தங்கள் செலவில் தருவதாகச் சொல்லும். ஆள் பற்றாக்குறையில் தவிக்கும் துறைக்கு அது வரம் போலத் தெரியும். நான் எப்போதும் எதிர்த்திருக்கிறேன். பேட் விற்கிறவரிடம் சம்பளம் வாங்கும் செவிலியர், எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், 'உங்களுக்கு பேட் வேண்டாம், சிறுநீரை அடக்க உதவும் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை மூன்று மாதம் செய்து பார்ப்போம்' என்று சொல்வதில் அவருடைய முதலாளிக்கு எந்த ஆதாயமும் இல்லை. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, நேரம் மாற்றிக் கொடுக்க வேண்டிய நீர் மாத்திரை என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் பலருக்கு இருக்கும். பேட் அவற்றை மூடி மறைத்துவிடும். பரிசோதனையும் விற்பனையும் வேறு வேறு கைகளில் இருக்க வேண்டும்.

நிறுவனம் மாறும் காலம் தனிச் சோதனை. பழைய பேடுக்குச் சமமானது இது என்று ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களை ஒரே வாரத்தில் மாற்றுவார்கள். ஆய்வக எண் ஒன்றாக இருக்கும், இடுப்பளவு ஒத்துவராது. பழைய ஒப்பந்தமும் புதியதும் சில மாதம் சேர்ந்து ஓடும்படி வைத்து, கனத்த கசிவும் தோல் புண்ணும் உள்ளவர்களை நேரில் பார்த்து மாற்றுவதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு இருக்கும் டெண்டரை நான் அரிதாகவே பார்க்கிறேன்.

இந்தத் திட்டங்களில் பொருள் வாங்கும் குடும்பங்களுக்கு ஒன்று. பேட் சரியில்லை என்று பொதுவாகச் சொன்னால் அது எங்கும் பதிவாகாது. எந்த வகை, எந்த அளவு, எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்குக் கசிந்தது, முன்பக்கமா பக்கவாட்டிலா என்று மூன்று நாள் குறித்துவையுங்கள். பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு மட்டும் சொல்லாமல், எழுதிக்கொடுத்த செவிலியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். நிறுவனத்திடம் மட்டும் போகும் புகார் ஒப்பந்த ஆய்வுக் கூட்டத்துக்கு வந்து சேர்வது அபூர்வம். எங்கள் கையில் எழுத்தில் இருந்தால் அந்தக் கூட்டத்தில் மேசை மேல் வைத்துக் கேட்க முடியும்.