சயனோஅக்கிரிலேற்று: உடனிறுகு பசை

கொழும்பில் மாதிரி விமானங்களும் கப்பல்களும் கட்டுவோர், நொடிகளில் பிடித்துக்கொள்ளும் இந்தப் பசையைச் ‘சுப்பர் குளூ’ என்கின்றனர். புறக்கோட்டைக் கடையில் கேட்கும்போதோ, கடதாசி ஒட்டும் பசையும் இதுவும் ‘கம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. தமிழகத்தில் ஃபெவிக்விக் என்ற வணிகப் பெயரே பொருட்பெயராகிவிட்டது. இதன் இரசாயனப் பெயர் சயனோஅக்கிரிலேற்று.

‘சயனோ’ என்பது கருநீலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. பிரசிய நீலம் என்ற சாயப்பொருளிலிருந்து முதலில் பெறப்பட்ட சேர்வைகளுக்கு அப்பெயர் அமைந்து, பின்னர் காபனும் நைதரசனும் இணைந்த கூட்டத்துக்கே உரியதாயிற்று. பெயரைக் கேட்டுச் சயனைட்டு நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை. இங்கே அக்கூட்டம் மூலக்கூறோடு பிணைந்தே இருக்கிறது. ‘அக்கிரிலேற்று’ என்பதன் அடியில், உறைப்பையும் மணத்தையும் குறிக்கும் இரண்டு இலத்தீன் சொற்கள் உள்ளன. கண்ணை எரிக்கும் இதன் ஆவியை ஒருமுறை முகர்ந்தவருக்கு அந்தப் பாதிப்பெயர் பொருத்தமாகவே தோன்றும்.

1942 இல் அமெரிக்காவின் கொடக் நிறுவனத்தில் துப்பாக்கிக் குறிகாட்டிக்கான தெளிந்த பிளாத்திக்கைத் தேடிய ஹரி கூவரின் குழுவினர், தொட்டதையெல்லாம் ஒட்டிவிடுகிறது என்று இப்பொருளை ஒதுக்கிவைத்தனர். அந்தக் குறையே இதன் பயன் என்பது 1951 இல் உணரப்பட்டு, 1958 இல் இது விற்பனைக்கு வந்தது.

தமிழில் இதற்கு நிகராக ‘உடனடிப் பசை’, ‘விரைவுப் பசை’ என்றெல்லாம் எழுதுகின்றனர். இவை வேகத்தைச் சொல்கின்றனவே தவிர, நிகழ்வதைச் சொல்லவில்லை. பேச்சில் ‘பசை காய்ந்துவிட்டது’ என்கிறோம். அது இங்கே பிழையான சொல். வெள்ளை மரப்பசை நீரை இழந்து காய்கிறது. இதுவோ காற்றிலும் பரப்பிலும் உள்ள ஈரத்தின் சிறு தடயத்தால் தூண்டப்பட்டு, ஒருபகுதியங்கள் எனப்படும் சிறு மூலக்கூறுகள் சங்கிலியாய் இணைந்து, பல்பகுதியம் எனப்படும் நீண்ட மூலக்கூறாகி இறுகுகிறது. ஆகவே ‘உடனிறுகு பசை’ என்பதே தகுந்த பெயர் என்று கருதுகிறேன். ‘ஈரப்பசை’, ‘பசையற்ற நிலம்’ என்ற வழக்குகளில் ‘பசை’ என்ற சொல்லே ஈரத்தைக் குறிப்பது இப்பெயருக்கு இன்னும் வலுச்சேர்க்கிறது. மரத்தில் வடிவதைக் குறிக்கும் ‘பிசின்’, தச்சர்கள் பயன்படுத்திய விலங்குப் பசையான ‘வச்சிரம்’ ஆகிய சொற்கள் இதற்குப் பொருந்தா.

‘இறுகுதல்’ என்று விளங்கிக்கொண்டால் பாதுகாப்பு முறைகளின் காரணமும் விளங்கும். சிந்திய பசையைப் பருத்திப் பஞ்சாலோ துணியாலோ துடைக்கக் கூடாது: நார்களில் பரவும் பசை ஒரேயடியாக இறுகி, தோலைச் சுடுமளவு வெப்பத்தையும் புகையையும் வெளியிடும். பருத்திக் கையுறையும் இதனாலேயே தகாது. விரல்கள் ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்காமல், இளஞ்சூடான சவர்க்கார நீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்க வேண்டும். அசற்றோன் என்ற கரைப்பான் தோலில் உள்ள பசையை இளக்கும். ஆயினும் அதைக் கண்ணருகே கொண்டுசெல்லக் கூடாது, மாதிரியின் பொலிசுத்தைரீன் என்ற பிளாத்திக்கினாலான பாகங்களில் பட்டால் அவற்றையும் கரைத்துவிடும். கண்ணில் தெறித்தால் இமையை வலிந்து திறக்காது, இளஞ்சூடான நீரால் நன்கு கழுவி, உடனே வைத்தியரை நாட வேண்டும். கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது. முனை அடைத்த குழாயை முகத்துக்கு நேரே பிடித்து அழுத்துவதும், அதைப் பல்லால் திறப்பதும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டியவை.

கொழும்பின் ஈரக்காற்றில் பசை விரைந்து இறுகுவதால், பாகங்களைச் சரிபார்த்துப் பொருத்திய பின்னரே ஒரு துளி இட வேண்டும். மெல்லிய படலமே உறுதியாகப் பிடிக்கும், தடித்த படலம் உள்ளே நெடுநேரம் இறுகாமல் கிடக்கும். ஆவி படிந்தால் விமானியறையின் தெளிந்த மூடி வெண்மையாக மங்கும் என்பதால், அதற்கு வேறு பசையே நல்லது. இப்பசையின் சாதாரண வகை, வெண்ணிற நுரைப் பிளாத்திக்கான ரெஜிபோமையும் அரித்துவிடும். வேலை முடிந்ததும் முனையைத் துடைத்து மூடி, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதியோடு காற்றுப்புகாத டப்பாவில், சிறுவர்களுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால், போத்தல் அறைவெப்பநிலைக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையேல் உள்ளே படியும் நீர்த்துளி மிகுதிப் பசையையும் இறுக்கிவிடும்.