பிங் பதில் சொல்லவில்லையா, அதனால் காலியா?

மறுபடியும் ஒருவர். சின்ன ஊரில் இன்டர்நெட் இணைப்பு கொடுப்பவர். "சார், இந்த ஐபி பிளாக்கை யாருமே யூஸ் பண்ணலை, பிங் பண்ணிப் பாத்துட்டோம். ஓனர் கம்பெனி சம்மதிச்சதா புரோக்கர் லெட்டர் கொடுத்துட்டார். நீங்க அனவுன்ஸ் மட்டும் பண்ணிக் கொடுங்க." ஐபி பிளாக் என்பது இணையத்தில் கணினிகளுக்குத் தரும் எண் முகவரிகளின் தொகுதி. பிங் என்பது ஒரு முகவரியை "இருக்கிறாயா?" என்று கேட்டுப் பார்ப்பது. அனவுன்ஸ் என்பது "இந்த முகவரிகளுக்கு வழி இங்கே" என்று மற்ற நெட்வொர்க்குகளுக்கு அறிவிப்பது. லெட்டர்ஹெட்டில் இருந்த கம்பெனி மூடி வெகுகாலம். டொமைன் மட்டும் போன மாதம் பதிவானது!

பிங்குக்குப் பதில் வராததற்கு ஒரு ஃபயர்வால் போதும். உலக ரூட்டிங் டேபிளில், அதாவது எந்த முகவரிக்கு எது வழி என்ற பட்டியலில், இல்லை என்றாலும் காலி என்று ஆகிவிடாது. வெளியே அறிவிக்காமல் உள்ளுக்குள்ளேயே பயன்படுத்தலாம், அதில் தப்பே இல்லை. 2012-ல் பிரிட்டனின் வேலை, ஓய்வூதியத் துறையிடம் 51-ல் தொடங்கும் சுமார் 1.68 கோடி முகவரிகள் சும்மா கிடக்கின்றன, விற்றுவிடுங்கள் என்று சத்தம் கிளம்பியது. அரசுத் துறைகளின் உள் நெட்வொர்க்குக்கு அவை ஒதுக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது. மிஞ்சியதை விற்க ஆரம்பித்தது 2015-ல்தான்.

"பெரிய கம்பெனிகளிடமிருந்து பிடுங்கினால் முகவரிப் பஞ்சம் தீருமே?" எதை வைத்துப் பிடுங்குவது? 1997-ல் வட அமெரிக்காவின் முகவரிப் பதிவகமான ஆரின் வருவதற்கு முன்பு கொடுத்தவற்றுக்குப் பெரும்பாலும் ஒப்பந்தமே கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2000-லும், நெட்வொர்க் கண்காட்சி நடத்தும் இன்டராப் 2010-லும் அதே 1.68 கோடி அளவிலான தங்கள் தொகுதிகளைத் தாங்களாகவே திருப்பித் தந்தன. ஆனால் 2010-ல் அந்த அளவுத் தொகுதிகள் மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் கரைந்துகொண்டிருந்தன. 2011 பிப்ரவரியில் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் உலக மையக் கையிருப்பு தீர்ந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், திவாலான நார்டெல் என்ற தொலைத்தொடர்பு கம்பெனியிடம் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. அப்புறம் யார் சும்மா தருவார்கள்?

காசு வந்த இடத்துக்குத் திருடனும் வந்தான். எந்த முகவரி யாருடையது என்று காட்டும் பொதுப் பதிவேடான ஹூயிஸில், பழைய பதிவில் இருக்கும் மின்னஞ்சலின் டொமைன் காலாவதியாகிறதா என்று பார்த்திருந்து, அதைத் தானே வாங்கி, "நான்தான் அந்த நிர்வாகி" என்று எழுதுகிறான். அவ்வளவுதான் வேலை.

தொண்ணூறுகளில் முகவரி வாங்கிய கல்லூரிகளே, கம்பெனிகளே, இன்றைக்கே ஹூயிஸைத் திறந்து பாருங்கள். ஓய்வுபெற்றுப் போன சிஸ்டம் அட்மின் பெயரா இன்னும் இருக்கிறது? மாற்றுங்கள். டொமைனைப் புதுப்பியுங்கள். ஆர்.ஓ.ஏ. போடுங்கள், அதாவது இந்த முகவரிகளை எந்த நெட்வொர்க் அறிவிக்கலாம் என்று சொல்லும் டிஜிட்டல் சான்று. உரிமை கோராத பழைய தொகுதிகளை ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக் 2023 முதல் பதிவிலிருந்து எடுக்கத் தொடங்கிவிட்டது, பிறகு வந்து அழாதீர்கள்.

வாங்குபவர்கள் லெட்டரை நம்ப வேண்டாம். பதிவேட்டில் உங்கள் பெயருக்கு மாறும் வரை பணம் கைமாறக் கூடாது. உண்மையிலேயே தேவையில்லாமல் வைத்திருப்பவர்கள், தயவுசெய்து முறைப்படி மாற்றிக் கொடுங்கள், இல்லையென்றால் பதிவகத்திடமே ஒப்படையுங்கள்.